போதைக் காளான்: கொடைக்கானல் வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

கொடைக்கானல் மலையில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகிறோம். வந்து இறங்கியதும் வெந்நீர் வருமா என்று கேட்பார்கள். அடுத்தது வைஃபை. கொஞ்ச நேரம் கழித்து, பெரும்பாலும் டீ குடிக்கும்போது, குரலைத் தாழ்த்தி மூன்றாவது கேள்வி வரும்: "அண்ணா, இங்க மஷ்ரூம் கிடைக்குமாமே?" கேட்பவர்களில் பலர் இருபது, இருபத்திரண்டு வயதுத் தம்பிகள். திட்டி அனுப்பினால் வேறு யாரிடமாவது கேட்பார்கள். அதனால் உட்கார வைத்துப் பேசுவேன். அப்படிப் பேசியதைத்தான் இங்கே கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன்.

போதைக் காளான் என்றால் சரியாக என்ன?

'மேஜிக் மஷ்ரூம்', 'போதைக் காளான்' என்பதெல்லாம் ஒரே ஒரு காளானின் பெயர் இல்லை. சைலோசைபின் என்ற வேதிப்பொருள் உள்ள காளான்கள் எல்லாவற்றையும் சேர்த்து அப்படிச் சொல்கிறார்கள். உலகம் முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் இதில் அடங்கும். பெரும்பாலானவை சைலோசைபி என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. பனேயோலஸ் என்ற இன்னொரு பேரினத்திலும் சில உண்டு.

நாம் பிரியாணியில் போடும் பட்டன் காளான், சிப்பிக் காளான், மழைக்காலத்தில் கிராமங்களில் பறிக்கும் புற்றுக்காளான் ஆகியவற்றில் இந்தப் பொருள் கிடையாது. "காளான் சாப்பிட்டால் போதை வருமா?" என்று பயப்படும் பெரியவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

உடம்புக்குள் போனதும் என்ன செய்கிறது?

சைலோசைபின் உடம்பில் சைலோசினாக மாறுகிறது. மூளையை எட்டி வேலை செய்வது இந்தச் சைலோசின்தான். அதன் உருவம் செரட்டோனின் என்ற நம் மூளையின் சொந்த வேதிப்பொருளைப் போலவே இருப்பதால், செரட்டோனின் பொருந்த வேண்டிய சில இடங்களில் இது போய் உட்கார்ந்துகொள்கிறது. விளைவாகப் பார்வை, காது கேட்பது, நேர உணர்வு, 'நான்' என்ற உணர்வு எல்லாம் குழம்புகின்றன. சுவர் மூச்சு விடுவதுபோல் அசையும். நிறங்கள் பளிச்சிடும். ஐந்து நிமிடம் ஒரு மணி நேரமாகத் தெரியும். தின்ற அரை மணி, முக்கால் மணி நேரத்தில் தொடங்கி நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை இருக்கும். நடுவில் நிறுத்த நினைத்தாலும் நின்றுவிடாது. தம்பிகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இதைப் பற்றிய பழைய மருத்துவக் குறிப்பு ஒன்று 1799-இல் லண்டனில் எழுதப்பட்டது. ஒரு ஏழைக் குடும்பத் தலைவர் கிரீன் பார்க் என்ற பூங்காவில் காளான் பறித்து வந்து, மாவும் உப்பும் போட்டுக் காலை உணவாகச் சமைத்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணுக்கு எங்கு பார்த்தாலும் கரும்புள்ளிகள், நிற நிறமாய் மின்னல்கள். நிற்கவே தடுமாறினார். உதவி கேட்க வெளியே போனவருக்கு எங்கே போகிறோம் என்பதே மறந்துவிட்டது. எட்டு வயது மகனோ அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டே இருந்தான். அப்பா அம்மா அதட்டியும் சிரிப்பு நிற்கவில்லை. எவரார்ட் பிராண்ட் என்ற மருத்துவர் வந்து பார்த்து, நடந்ததை எழுதி வைத்தார். எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். போதை தேடிப் போகாத ஒரு குடும்பம், பசிக்குச் சமைத்துத் தின்று கண்ட அனுபவம் அது.

இவை எங்கே வளர்கின்றன? கொடைக்கானலில் மட்டும்தானா?

இல்லை. துருவப் பனிப் பகுதிகளை விட்டால் கிட்டத்தட்ட எல்லாக் கண்டங்களிலும் ஏதாவது ஓர் இனம் இருக்கிறது. ஐரோப்பாவின் ஈரமான புல்வெளிகளில் கூம்புத் தொப்பியோடு வளரும் ஒரு சின்னக் காளான் உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரையில் மட்கிய மரத்தூளில் வளர்வன உண்டு. வெப்பநாடுகளில் அதிகம் பேசப்படும் சைலோசைபி கியூபென்சிஸ் மாட்டுச் சாணத்தில் முளைப்பது. அதை 1906-இல் முதலில் விவரித்தபோது மாதிரி கிடைத்த இடம் கியூபா. பெயரில் அந்த நாடு ஒட்டிக்கொண்டது.

நம் பக்கத்துக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. பனேயோலஸ் சயனசென்ஸ் என்ற சாணக் காளானை 1871-இல் அறிவியல் உலகுக்கு முதலில் விவரித்தது இலங்கையில் எடுத்த மாதிரிகளை வைத்துத்தான். தமிழ்நாட்டில் கிடைத்த ஓர் இனத்துக்கு, மெக்சிகோவின் காளான் அறிஞர் காஸ்டன் குஸ்மான் 'சைலோசைபி நடராஜனி' என்று பெயர் வைத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தென்னிந்தியக் காளான்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த பேராசிரியர் நடராஜனின் பெயர் அது. கொடைக்கானலின் பெயர் போதையோடு சேர்ந்து அடிபடும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேராசிரியரின் ஞாபகம்தான் வரும். எத்தனை மழையில் நனைந்து, எத்தனை புல்மேட்டில் குனிந்து தேடியிருப்பார்!

கொடைக்கானல் ஏன் பேர் வாங்கியது? கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம், மாதக்கணக்கில் மழையும் பனிமூட்டமும், புல்வெளி, மேயும் மாடுகள், ஊருக்குள்ளேயே வந்து போகும் காட்டுமாடுகள். சாணத்தில் வளரும் எல்லாவற்றுக்கும் தோதான இடம். அதோடு, வெளிநாட்டிலிருந்து முதுகுப் பையோடு வந்தவர்கள் வாய்வழியாகப் பரப்பிய பெயரும் சேர்ந்துகொண்டது.

எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? நசுக்கினால் நீலமாக மாறுமாமே?

பறித்துத் தின்னும் எண்ணத்தோடு கேட்பவருக்கு அடையாளம் சொல்லித் தர மாட்டேன். ஒளிப்பதற்காகச் சொல்லவில்லை. பழுப்பு நிறச் சின்னக் காளான்களைப் பிரித்தறிவது தொழில்முறை ஆய்வாளர்களுக்கே பெரும்பாடு. நுண்ணோக்கியில் வித்துகளைப் பார்த்த பிறகுதான் அவர்களே பெயர் சொல்வார்கள். கைப்பேசியில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு மேட்டில் இறங்கித் தேடுவது சூதாட்டம்.

நீல நிறம் பற்றிச் சொல்வதில் உண்மை இருக்கிறது. சைலோசின் காற்றுப்பட்டு மாறும்போது அந்த நீலம் வருகிறது. ஆனால் அந்த வேதிப்பொருள் துளியும் இல்லாத வேறு காளான்களும் வெட்டினால் நீலமாகும். அவற்றில் நஞ்சுள்ளவையும் உண்டு. ஒரு பொட்டலத்தில் பத்துக் காளான் இருந்து ஒன்று நீலமானால், மீதி ஒன்பது என்ன என்று யார் சொல்வது?

தப்பான காளானைத் தின்றுவிட்டால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

பெரும்பாலான தவறுகள் வாந்தி, வயிற்றுப்போக்கோடு முடிந்துவிடும். வீட்டுப் புல்தரையில் மழைக்குப் பிறகு வெள்ளைக் குடையாய் நிற்கும் பெரிய காளான் ஒன்று உண்டு. குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்பார்கள். அதைத் தின்றவர்கள் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வாந்தியெடுத்துத் துவண்டு போவார்கள். துன்பம்தான், ஆனால் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும்.

கொல்கிற காளான்கள் சீக்கிரம் காட்டிக்கொடுக்காது. அமனிட்டா பேரினத்தில் சில, கலெரினா பேரினத்தில் சில. இவற்றில் உள்ள நஞ்சின் பெயர் அமாடாக்சின். தின்று ஆறு மணி நேரம், சில சமயம் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் எதுவுமே தெரியாது. அப்புறம் கடும் வயிற்றுவலி, வாந்தி, தண்ணீராய்ப் போகும் பேதி. ஒரு நாள் கழித்து எல்லாம் அடங்கியதுபோல் இருக்கும். ஆள் எழுந்து உட்காருவார், கஞ்சி குடிப்பார், வீட்டுக்குப் போகலாம் என்பார். அந்த நேரத்தில் உள்ளே கல்லீரல் செத்துக்கொண்டிருக்கும். மூன்றாவது, நான்காவது நாளில் கண் மஞ்சளாகி, நினைவு தப்பும். கல்லீரல் மாற்று அறுவை செய்தால்தான் உயிர் மிஞ்சும் என்ற நிலைக்கும் போகலாம். வேகவைத்தாலும், வறுத்தாலும், காய வைத்தாலும் இந்த நஞ்சு அழியாது. ஒரே ஒரு காளான் ஓர் ஆளைக் கொல்லப் போதும்.

1981 டிசம்பரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், விட்பி தீவு என்ற இடத்தில், பதின்வயதினர் மூவர் போதைக் காளான் என்று நினைத்துக் கலெரினாவைப் பறித்துத் தின்றார்கள். அவர்களில் 16 வயதுப் பெண் ஒருத்தி இறந்துபோனாள். இரண்டும் பழுப்பு, இரண்டும் சின்னது, இரண்டும் மட்கிய மரத்தில் வளர்வது.

நம் நாட்டிலேயே, 2022 ஏப்ரலில், மேல் அசாமின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் காட்டுக் காளானைச் சமைத்துத் தின்ற 13 பேர் சில நாட்களுக்குள் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அவர்கள் போதைக்குத் தேடியவர்கள் இல்லை. தலைமுறையாகக் காளான் பறித்துப் பழகிய மக்கள். பழகிய கண்ணே ஏமாறும்போது, மலைக்கு முதல்முறை வந்தவர் கண் எம்மாத்திரம்?

மஞ்சள் போட்டு வேகவைத்துப் பார்த்தால் தெரியாதா?

தெரியாது. வெள்ளிக் காசு கறுக்கும், பூண்டு நிறம் மாறும், மஞ்சள் சிவக்கும், பூச்சி அரித்த காளான் நல்ல காளான், மாடு தின்றால் நாமும் தின்னலாம் என்று நான் கேட்ட சோதனைகள் ஏராளம். எதுவும் அமாடாக்சினைக் காட்டாது. புழுவுக்கு ஒன்றும் ஆகாத காளான் மனிதனைக் கொல்லும். எங்கள் பாட்டியும் வெள்ளிச் சோதனையை நம்பினார். அவர் பிழைத்தது, ஒரே புற்றில் ஒரே காளானை மட்டும் ஐம்பது வருடம் பறித்ததால்.

சிவப்புத் தொப்பியில் வெள்ளைப் புள்ளி வைத்த காளான், அது போதைக் காளானா?

குழந்தைகள் படம் வரையும் அந்தக் காளானின் பெயர் அமனிட்டா மஸ்காரியா. நீலகிரியில் பைன் மர வேர்களோடு சேர்ந்து வளர்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அது வேறு கதை. அதில் சைலோசைபின் இல்லை. ஐபோட்டெனிக் அமிலமும் மஸ்கிமாலும் இருக்கின்றன. தின்றால் தூக்கக் கலக்கம், தசைத் துடிப்பு, பிதற்றல், சிலருக்கு வலிப்பு, மயக்கம். சைபீரியப் பழங்குடிகள் சிலர் சடங்கில் பயன்படுத்தியது உண்மை. அதை வைத்து இரண்டும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். கொல்லும் அமனிட்டாக்கள் இதன் பங்காளிகள்.

சரி, சரியான காளானே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஆபத்து இல்லைதானே?

சைலோசைபின் நேரடியாக உறுப்புகளை அழித்துக் கொல்லும் நஞ்சு இல்லை. இதை மறைத்துப் பயமுறுத்துவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. பொய் சொல்லிப் பயமுறுத்தினால், நாம் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் 'நஞ்சில்லை' என்பதற்கும் 'ஆபத்தில்லை' என்பதற்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது.

ஒரு மழைக்கால இரவு. மாடி அறையில் மூன்று தம்பிகள் தங்கியிருந்தார்கள். பதினொரு மணி இருக்கும். ஒருவன் வெறுங்காலோடு படியில் இறங்கி வந்து, கைப்பிடியை விடாமல் நின்றான். "அண்ணா, படி முடியவே மாட்டேங்குது" என்றான். எங்கள் வீட்டில் மொத்தம் பதினாறு படி. கண்மணி முழுக்க விரிந்து கறுப்பாக இருந்தது. உள்ளங்கை நனைந்திருந்தது. அடுப்படியில் உட்கார வைத்துப் போர்வை போர்த்தினேன். என் சால்வை நுனியை இறுகப் பிடித்துக்கொண்டு "மணி என்ன?" என்று கேட்டான். சொன்னேன். இன்னொரு யுகம் கழிந்ததுபோல் மறுபடி கேட்டான். நான்கு நிமிடம்தான் போயிருந்தது. "நான் செத்துட்டேனா?" என்று கேட்டபோது என் மனைவி அவன் தலையில் கை வைத்து, "இல்லடா, எங்க வீட்லதான் இருக்க" என்றாள். இரண்டு மணிக்கு மேல்தான் அடங்கினான்.

இதற்கிடையில் இன்னொருவனைக் காணோம். டார்ச்சை எடுத்துக்கொண்டு போனால், பனிமூட்டத்தில், சாலையோரத் தடுப்புச் சுவரின் மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கம் பள்ளம். கீழே மேகம் மெத்தையாகத் தெரிந்ததாம். காலையில் சொன்னான். அந்த இரவை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்கும்.

2007-இல் ஆம்ஸ்டர்டாமில் 17 வயது பிரெஞ்சு மாணவி ஒருத்தி காளான் தின்ற பிறகு பாலத்திலிருந்து குதித்து இறந்தாள். அதன் பிறகு 2008 டிசம்பரில் நெதர்லாந்து இந்தக் காளான்களின் விற்பனையைத் தடை செய்தது. அங்கே பாலம், இங்கே மலைமுகடு.

பாதையில் விற்பவர் "நம்பி வாங்குங்க, நாங்க வருசக்கணக்கா விக்கிறோம்" என்கிறாரே?

அந்தத் தம்பிகள் மிச்சம் வைத்த பொட்டலத்தைக் காலையில் பிரித்துப் பார்த்தேன். செய்தித்தாளில் மடித்து, நூலால் கட்டியது. உள்ளே குறைந்தது மூன்று வகைக் காளான்கள் கலந்து கிடந்தன. ஒன்று மெல்லிய நீண்ட தண்டு, ஒன்று தடித்த தண்டு, ஒன்று அடியில் வெள்ளை மடிப்புகளோடு இருந்தது. பறித்தவர் ஒரு கூடையில் கிடைத்ததையெல்லாம் போட்டிருக்கிறார். விற்றவர் வேறு ஆள். அவருக்கும் தெரியாது. தேனில் ஊறப்போட்டதும், காய வைத்துப் பொடித்ததும், ஆம்லெட்டில் போட்டுத் தருவதும் இதைவிட மோசம். உருவமே இருக்காது. என்ன தின்றோம் என்று மருத்துவரிடம் காட்டக்கூட எதுவும் மிஞ்சாது.

வீரியமும் காளானுக்குக் காளான் மாறும். ஒரே மேட்டில் பக்கத்தில் பக்கத்தில் முளைத்த இரண்டில் கூட அளவு ஒன்றாக இருக்காது. போன தடவை இவ்வளவு தின்றேன், ஒன்றும் ஆகவில்லை என்ற கணக்கு அடுத்த தடவைக்கு உதவாது.

யாருக்கு இது மிகவும் ஆபத்து?

தனக்கோ, பெற்றோர், உடன்பிறந்தவர் யாருக்காவதோ மனச்சிதைவு நோய் அல்லது இருமுனை மனநோய் இருந்தால், தூங்கிக்கொண்டிருக்கும் நோயை இது தட்டி எழுப்பக்கூடும். நம் குடும்பங்களில் இதைப் பேசவே மாட்டார்கள். "சித்தப்பாவுக்குக் கொஞ்சம் மனசு சரியில்ல" என்று ஒரு வரியில் மூடிவிடுவார்கள். அந்தத் தம்பிக்குத் தன் குடும்ப வரலாறே தெரிந்திருக்காது.

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள், முக்கியமாக லித்தியம் எடுப்பவர்கள், கவனமாக இருக்க வேண்டும். லித்தியத்தோடு சேர்ந்தபோது வலிப்பு வந்தது பதிவாகியிருக்கிறது. இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பதின்வயதினர் எல்லோரும் இந்தப் பட்டியலில் உண்டு. சிலருக்குப் போதை தெளிந்து வாரங்கள் கழிந்தும் பார்வையில் நிழல், கோடு, மினுக்கம் என்று தொந்தரவு நீடிப்பதும் உண்டு.

அடிமையாக்குமா?

சாராயம், கஞ்சா, ஹெராயின் போல உடம்பு கேட்டு நச்சரிக்கும் பழக்கம் இதில் அரிது. அடுத்தடுத்த நாள் தின்றால் வேலை செய்வதும் குறைந்துவிடும். இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் இதுதான்.

நண்பர் தின்றுவிட்டார், பயந்து நடுங்குகிறார். என்ன செய்ய?

தனியாக விடாதீர்கள். மாடி, பால்கனி, சாலை, நீர்நிலை, வண்டிச் சாவி எல்லாவற்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். மங்கலான வெளிச்சம், அமைதியான அறை, போர்வை. வாதம் செய்யாதீர்கள். "சுவர் அசையலடா" என்று சொல்லி ஜெயிக்க முடியாது. "காளான் தின்னிருக்க, கொஞ்ச நேரத்துல சரியாயிடும், நான் இங்கதான் இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மது கொடுக்காதீர்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

வலிப்பு, நினைவு தப்புதல், நெஞ்சுவலி, கடும் காய்ச்சல், தன்னையோ பிறரையோ தாக்கும் மூர்க்கம், நிற்காத வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் 108. காளான் தின்று ஆறு மணி நேரம் கழித்து வாந்தியும் பேதியும் தொடங்கினால், அது நின்றுவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கல்லீரல் பரிசோதனை கட்டாயம். மலையிலிருந்து மதுரை சுமார் 120 கிலோமீட்டர். வளைந்து வளைந்து இறங்கவே இரண்டு மணி நேரம் ஆகும். "விடிஞ்சதும் பாத்துக்கலாம்" என்று காத்திருக்க அந்த வழியில் நேரம் இல்லை.

மிச்சக் காளானையும், இல்லையென்றால் வாந்தியையும், ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் சீக்கிரம் அழுகிவிடும். மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள். பிந்தைய நாட்களில் மனம் தவித்தால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பழங்குடிகள் காலம் காலமாகத் தின்றார்களே, அது மட்டும் சரியா?

மெக்சிகோவின் வாகாக்கா மாநில மலைகளில் மசாடெக் மக்கள் இந்தக் காளான்களைப் 'புனிதக் குழந்தைகள்' என்று அழைத்தார்கள். பொழுதுபோக்குக்கு யாரும் தின்னவில்லை. வீட்டில் ஒருவருக்கு நோய், காரணம் தெரியவில்லை என்றால் இரவில் கூடுவார்கள். சாம்பிராணி போன்ற கோபல் புகையில் காளானைக் காட்டி, ஜோடி ஜோடியாகத் தின்று, விளக்கை அணைத்து, மருத்துவச்சி விடியும்வரை பாடுவார். ஸ்பானியர்கள் வந்த 16-ஆம் நூற்றாண்டிலேயே, சஹாகுன் என்ற பாதிரியார் அஸ்டெக் மக்களிடையே இப்படியொரு பழக்கம் இருந்ததை எழுதி வைத்திருக்கிறார்.

1955 ஜூன் மாத இறுதியில், நியூயார்க் வங்கி அதிகாரி கார்டன் வாசன், வாவுட்லா என்ற ஊரில் மரியா சபினா என்ற மருத்துவச்சியின் சடங்கில் கலந்துகொண்டார். ஊரிலிருக்கும் தன் மகனைப் பற்றிய கவலை என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினார். 1957 மே மாதம் 'லைஃப்' இதழில் எழுதினார். பெயரை மாற்றித்தான் எழுதினார், ஆனாலும் ஊர் தெரிந்துபோனது. ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் வந்து குவிந்தார்கள். பின்னாலேயே போலீஸ் வந்தது. ஊர் மரியா சபினாவைப் பழித்தது. அவர் வீடு எரிக்கப்பட்டது. வெளியாட்கள் வந்த பிறகு புனிதக் குழந்தைகள் தங்கள் சக்தியை இழந்துவிட்டார்கள் என்று அவர் பின்னாளில் வருந்திச் சொன்னார். 1985-இல் வறுமையிலேயே இறந்தார்.

இதைச் சொல்லும்போது எங்கள் மலையை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. எந்தச் சடங்கும் இல்லாமல், எந்த மருத்துவச்சியும் இல்லாமல், பொட்டலமும் காசும் மட்டும் இங்கே வந்து சேர்ந்தன. ஊர்ப் பையன்கள் சிலர் அந்தக் காசுக்கு ஆசைப்பட்டுச் சிறைக்குப் போனார்கள். எங்கள் மலையில் இதைச் சடங்காகத் தின்ற மரபு எதையும் நான் கேட்டதில்லை. "உங்க ஊர்ப் பாரம்பரியமாமே" என்று யாராவது சொல்லும்போது வலிக்கிறது.

மருந்தாகப் பயன்படுகிறது என்று செய்தியில் படித்தேனே?

படித்தது சரி. சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1958-இல் சைலோசைபினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். 1962-இல் மரியா சபினாவிடமே மாத்திரைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். காளானில் உள்ள அதே சக்தி இதிலும் இருக்கிறது என்றார் அந்த அம்மா. 1971-இல் ஐ.நா. ஒப்பந்தம் இதைக் கடும் கட்டுப்பாட்டில் வைத்தது. ஆராய்ச்சி பல ஆண்டுகள் படுத்துவிட்டது.

2006-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மறுபடி உயிர் பெற்றது. 2016-இல் புற்றுநோயாளிகளின் மரண பயத்தையும் மனச்சோர்வையும் குறைக்க உதவியதாக இரண்டு ஆய்வுகள் வந்தன. 2022-இல் 10 நாடுகளில், மருந்துக்கு அடங்காத மனச்சோர்வு உள்ள 233 பேரிடம் நடந்த ஆய்வில், 25 மில்லிகிராம் ஒரே தடவை பெற்றவர்களில் 37 சதவீதம் பேருக்கு மூன்று வாரத்தில் நல்ல முன்னேற்றம். பெயரளவுக்கு 1 மில்லிகிராம் பெற்றவர்களில் 18 சதவீதம். அதே ஆய்வில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் போன்ற பக்கவிளைவுகளும் வந்தன. 2023 ஜூலை முதல் ஆஸ்திரேலியாவில் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும் இதைப் பரிந்துரைக்கலாம்.

இதெல்லாம் ஆய்வகத்தில் தயாரித்து, துல்லியமாக எடை போட்ட மருந்து. முன்பே பல மணி நேரம் பேசி, குடும்ப வரலாறு விசாரித்து, கொடுத்த நாள் முழுக்க இரண்டு பேர் பக்கத்தில் இருந்து, பிறகும் பேசுவார்கள். யோசித்துப் பார்த்தால், மரியா சபினாவும் இரவு முழுக்கப் பக்கத்தில்தான் இருந்தார். நம் தம்பிகளுக்குப் பக்கத்தில் இருப்பது யார்?

மனச்சோர்வுக்காகத்தான் தேடி வந்தேன் என்று ஒரு பெண் ஒருமுறை சொன்னார். அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வலி உண்மை. ஆனால் அதற்குப் பதில் எங்கள் புல்மேட்டில் இல்லை, மனநல மருத்துவரிடம் இருக்கிறது என்று சொல்லி, டீ கொடுத்து, நிறைய நேரம் பேசி அனுப்பினோம்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் சைலோசைபினும் சைலோசினும் தடை செய்யப்பட்ட மனமயக்கப் பொருள்கள். வைத்திருப்பது, விற்பது, வாங்குவது, பயன்படுத்துவது எல்லாமே குற்றம். சிறிய அளவுக்கு ஓராண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. நடுத்தர அளவுக்குப் பத்தாண்டு வரை. வணிக அளவுக்குக் குறைந்தது பத்து, அதிகம் இருபது ஆண்டுகள். காப்புக்காட்டுக்குள் நுழைந்து எதைப் பறித்தாலும் வனத்துறை வழக்கு தனி. போதைப் பழக்கத்திலிருந்து விடுபடத் தானாக முன்வந்து சிகிச்சைக்குப் போகிறவருக்குப் பாதுகாப்புத் தரும் பிரிவும் அதே சட்டத்தில் உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை.

கேரள உயர் நீதிமன்றம் காளான் குற்றமில்லை என்று சொல்லிவிட்டதே?

அப்படிச் சொல்லவில்லை. 2025 ஜனவரியில், ஒரு ஜாமீன் மனுவில் வந்த கேள்வி வேறு. பிடிபட்ட காளானின் மொத்த எடையையும் போதைப்பொருளாகக் கணக்கிடுவதா, உள்ளே இருக்கும் சைலோசைபினை மட்டுமா? காளான் இயற்கையான ஒரு பூஞ்சை, அதைக் 'கலவை' என்று கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். எவ்வளவு தண்டனை, ஜாமீன் உண்டா என்பதில் இது பெரிய வேறுபாடு. ஆனால் அதில் உள்ள சைலோசைபின் அன்றும் இன்றும் தடை செய்யப்பட்டதுதான். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரியை நம்பி யாரும் பையில் போட்டுக்கொண்டு மலையிறங்க வேண்டாம். சோதனைச் சாவடியில் அந்த வரி உதவாது.

அப்படியென்றால் காட்டுக் காளான் பக்கமே போகக் கூடாதா?

போங்கள், பாருங்கள்! தின்னாமல் பார்ப்பதற்கே ஓர் ஆயுள் போதாது. மழை விட்ட காலையில் ஒரு மட்கிய கட்டைக்குப் பக்கத்தில் குனிந்தால், ஊசித் தலை அளவு ஆரஞ்சுக் கிண்ணங்கள், காது போன்ற பழுப்பு மடல்கள், ஒரே இரவில் எழுந்து மதியத்துக்குள் மையாகக் கரைந்துவிடும் சாம்பல் குடைகள் எல்லாம் இருக்கும். படம் எடுங்கள், காலால் எத்தாதீர்கள்.

எங்கள் வீட்டுக்கு வரும் தம்பிகளுக்கு நான் ஒரு வேலை கொடுப்பேன். முற்றத்துப் புல்லில் முளைத்த பெரிய வெள்ளைக் காளான் ஒன்றின் தொப்பியை மட்டும் எடுத்து, பாதி வெள்ளை, பாதி கறுப்புக் காகிதத்தின் மேல் மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, டம்ளரைக் கவிழ்த்து மூடச் சொல்வேன். அப்புறம் கை கழுவிவிட்டுத் தூங்கப் போக வேண்டியது. மறுநாள் காலையில் டம்ளரையும் தொப்பியையும் எடுத்தால், காகிதத்தில் சக்கரத்தின் ஆரங்கள்போல் வித்துத்தூள் படிந்திருக்கும். முந்தின நாள் பார்க்க அத்தனை வெள்ளையாய், நல்ல காளானாய்த் தெரிந்ததன் தூள் பாசிப் பச்சை நிறத்தில் இருக்கும். வாந்தியெடுக்க வைக்கும் அந்தக் குளோரோஃபில்லம்தான் அது. "நேத்து இதைச் சமைக்கலாம்னு சொன்னேனே அண்ணா" என்று ஒரு தம்பி சொன்னான். காகிதத்தைப் பத்திரமாக மடித்து ஊருக்கு எடுத்துப்போனான்.